சேலம் பின்கோடு 636001: காரணி கண்டுபிடிப்பது எப்படி?

ஏற்காட்டில் இருக்கும் அத்தைக்குப் பார்சல் கட்டி, மேலே 636601 என்று எழுதும்போதுதான் இது எதால் வகுபடும் என்ற யோசனை வந்தது. ஏற்காடு அன்றைக்கே முடிந்துவிட்டது. சேலம் தலைமை அஞ்சலகத்தின் 636001தான் இரண்டு நாள் இழுத்தது.

ஏற்காடு முதலில். 7 × 11 × 13 = 1001 என்பதால் மூன்றையும் ஒரே கழித்தலில் சோதிக்கலாம். எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 636 − 601 = 35. இது 7ஆல் வகுபடும், 11, 13ஆல் வகுபடாது. 636601க்கும் அதே பதில்தான். 7ஆல் வகுத்தால் 90943. அப்புறம் பகா எண்களாக வகுத்துக்கொண்டே போனால் 199இல் மாட்டும்: 636601 = 7 × 199 × 457.

சேலத்துக்கு இதே வழியில் 200 தாண்டியும் ஒன்றும் வகுபடவில்லை. அதனால் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் முறைக்குப் போனேன். a² − b² = (a − b)(a + b), பள்ளியில் படித்ததுதான். 636001ஐ a² − b² என்று எழுத முடிந்தால் a − b, a + b இரண்டும் அதன் காரணிகள். அந்த aஐத் தேடுவதுதான் வேலை.

1. 636001இன் வர்க்கமூலம் 797.49. அடுத்த முழு எண் 798இல் தொடங்குங்கள்.

2. அதை வர்க்கமாக்கி 636001ஐக் கழியுங்கள். 798க்கு 803 வரும்.

3. வந்தது முழு வர்க்கமா? இல்லையென்றால் அடுத்த எண்.

இந்த மூன்றாவது படியில் கவனமாக இருங்கள். 799க்கு 2400 வருகிறது. அதன் வர்க்கமூலம் 48.9898. நான் 49 என்று எடுத்துக்கொண்டு, 799 − 49 = 750, 799 + 49 = 848 என்று எழுதி, விடை கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். பெருக்கினால் 636000. ஒன்று குறைகிறது! 49 × 49 = 2401 அல்லவா. வர்க்கமூலம் எவ்வளவு நெருங்கி வந்தாலும், முழு எண்ணைத் திரும்பப் பெருக்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இதற்குப் போன் ஆப்பைவிட, கடைகளில் வைத்திருக்கும் 12 இலக்க கால்குலேட்டர்தான் எனக்குப் பிடிக்கும். வர்க்கமூலப் பொத்தான் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும்.

815இல் விடை வந்தது. 815² − 636001 = 28224 = 168². ஆக 815 − 168 = 647, 815 + 168 = 983. இரண்டுமே பகா எண்கள். 636001 = 647 × 983. பகா எண்களாக வகுத்தே போயிருந்தால் 647 என்பது 118ஆவது. இங்கே 18 முயற்சியில் முடிந்தது.

பின்சேர்க்கை: 18கூட வேண்டாம் என்று ஒரு வாசகர் சொன்னார், சரிதான். 636001ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் a ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும். 799, 801, 803 என்று போனால் 9 முயற்சி போதும்.

இன்னொருவர் ஏற்காட்டுக்கும் இதையே செய்து பார்த்துச் சலித்துவிட்டாராம். காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் இந்த முறை வேகமாகப் போகும். 636601க்கு மிக நெருக்கமான ஜோடியே 457 × 1393 தான். 798இல் தொடங்கி 925 வரை நடக்க வேண்டும். அங்கே 7ஆல் வகுத்துத் தொடங்குங்கள்.