கண் திட்டத்தில் சமைப்பவரிடம் குறிப்பு வாங்குவது எப்படி?

நன்றாகச் சமைப்பவரிடம் போய் "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுவா, ரொம்ப சுலபம். வெங்காயம், தக்காளி வதக்கி, மேலே முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைத்தால் ஆச்சு" என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. கை பழகிப் போனதால் வாய்க்கு அவ்வளவுதான் வருகிறது. அந்த ஒரு வரியை நம்பி நாம் செய்தால், தண்ணீராக ஓடும் தக்காளிச் சாறும் அதில் மிதக்கும் விறைத்த முட்டையும்தான் கிடைக்கும்.

துனீசியத் தோழி ஒருவர் எனக்கு ஷக்ஷூகா சொல்லித் தந்தபோது முதல் தடவை அப்படித்தான் ஆனது. தக்காளிக் குழம்பிலேயே முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பது, வட ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் வீட்டுக்கு வீடு செய்யும் எளிய சாப்பாடு அது. அதை ஒழுங்காக எழுதி வாங்க எனக்கு மூன்று சமையல் ஆனது. அதில் பிடிபட்ட முறையை அதன்பிறகு எந்த நாட்டுக் குறிப்பு வாங்கும்போதும் பின்பற்றுகிறேன். படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயம். இந்தச் சிக்கல் புதிதில்லை. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகள் சில யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவை சமையல் குறிப்புகள். இறைச்சி, தண்ணீர், பூண்டு என்று பொருள்கள் வரிசையாக வருகின்றன. எவ்வளவு, எத்தனை நேரம் என்பது பெரும்பாலும் இல்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்கு எழுதிக்கொண்டது அது.

படி 1: கேட்கும்போதே குறிப்பாகக் கேளுங்கள்

"உங்கள் ஊர்ச் சமையல் ஏதாவது சொல்லுங்கள்" என்றால் எதைச் சொல்வது என்று அவருக்கும் புரியாது. எந்தப் பதார்த்தம், எத்தனை பேருக்கு, உங்களிடம் என்ன அடுப்பு, எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்ற நாலு விவரமும் முதலிலேயே போய்விட வேண்டும். இப்படிக் கேட்கலாம்:

"அன்று நீங்கள் செய்த ஷக்ஷூகா மறக்கவே முடியவில்லை. இரண்டு பேருக்குச் செய்ய ஆசை. கேஸ் அடுப்பு இருக்கிறது, ஓவன் இல்லை. வேர்க்கடலை எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்த முறை நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளலாமா?"

சைவம் சாப்பிடுபவர்கள் "சைவமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு எல்லை. ஜப்பானிய தாஷி சாற்றில் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் இருக்கும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட். கறித் துண்டு கண்ணில் படாததால் அவர்களுக்கு இதெல்லாம் நினைவுக்கே வராது. "மீன், இறைச்சியிலிருந்து வந்த சாறு, சாஸ் எதுவும் உண்டா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

படி 2: ஜாடியை எடை போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கண் திட்டத்தில் போடுபவரை "எத்தனை ஸ்பூன்?" என்று நடுவில் நிறுத்தினால் அவர் கை தடுமாறிவிடும். ஸ்பூனைத் தேடி எடுத்து, வழக்கத்தைவிடக் கூடவோ குறையவோ போடுவார். நீங்கள் எழுதி வைப்பது அவர் சமையலாகவே இருக்காது. அவர் போக்கில் விட்டுவிடுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் உப்பு ஜாடி, எண்ணெய்ப் புட்டி, மசாலா டப்பா எல்லாவற்றையும் டிஜிட்டல் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சமையல் முடிந்ததும் மறுபடி வையுங்கள். குறைந்திருப்பதுதான் அவர் போட்ட அளவு.

என் தோழியின் உப்பு ஜாடி முதலில் 412 கிராம். முடிந்தபின் 407. "ஒரு சிட்டிகை" என்று அவர் சொன்னது 5 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். எண்ணெயும் அப்படியே. "கொஞ்சம்" என்றவர் ஊற்றியது சுமார் 30 மில்லி. என் முதல் ஷக்ஷூகா சப்பென்று இருந்ததற்குக் காரணம் அந்த இடத்திலேயே தெரிந்துபோனது.

தூரத்தில் இருப்பவர் என்றால் வீடியோ அழைப்பில் இதையே செய்யச் சொல்லலாம். வீட்டில் தராசு இல்லையென்றால், போடப்போவதை முதலில் ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டச் சொல்லி, அதே அளவை உங்கள் வீட்டு ஸ்பூனால் அளந்துகொள்ளுங்கள்.

படி 3: கப்பை நம்பாதீர்கள்

கப் என்பது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, அங்கேயே அரிசி அளக்கும் கப் 180. டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஆகவே யார் கொடுத்தாலும் "உங்கள் கப் எத்தனை மில்லி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாவு இன்னும் மோசம். ஸ்பூனால் மெதுவாக அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் ஒரு கப் மைதா சுமார் 120 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். 1896-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர் தன் சமையல் புத்தகத்தில் தலை தட்டிய அளவைத்தான் வலியுறுத்தினார். கோபுரமாக அள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் கிராம் கிராம்தான். உப்பிலும் கவனம் வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடி உப்பு சுமார் 18 கிராம். அதே ஸ்பூனில் ஏறக்குறைய பாதி எடைதான் நிற்கும் செதில் உப்பு வகைகளும் உண்டு.

ஓவன் சூடு 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட். நமக்கு சுமார் 180 செல்சியஸ். விசிறி உள்ள ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: நேரத்தோடு பதத்தையும் கேளுங்கள்

"பத்து நிமிடம் வதக்கு" என்பது அவர் வீட்டு அடுப்புக்கு, அவர் வீட்டுச் சட்டிக்குப் பொருந்தும் கணக்கு. உங்கள் சட்டி அகலமாக இருந்தால் ஆறு நிமிடத்தில் வற்றிவிடும். மலைப் பகுதியில் இருந்தால் கணக்கே வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பயறும் பருப்பும் வேக நேரம் கூடும்.

பதம் எங்கே போனாலும் மாறாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: "ஆகிவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது?"

நான் அப்படிக் கேட்டபோது தோழி பதில் சொல்லவில்லை. கரண்டியின் விளிம்பால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுத்தார். சிவந்த குழம்பு இரண்டு பக்கமும் விலகி, சட்டியின் அடி தெரிந்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்லக் கூடியது. "இதற்கு முன் முட்டை போடாதே" என்றார். எந்தச் சட்டியானாலும் அந்தக் கோடு சரியாகச் சொல்லிவிடும்.

கண்ணுக்குத் தெரிவது, மூக்குக்கு வருவது, காதில் விழுவது மூன்றையும் எழுதுங்கள். தக்காளி வற்றும்போது சட்டியில் சத்தம் மாறும். முதலில் சளசளவென்று இருப்பது, நீர் போனதும் பொரியும் ஒலியாகும். பூண்டின் பச்சை வாசனை போய் இனிப்பு வாசனை வருவதும் இப்படி ஒரு அடையாளம்தான்.

படி 5: பெயரைச் சரிபாருங்கள், மாற்றுப்பொருளை யோசித்துப் போடுங்கள்

ஒரே பெயருக்கு இரண்டு பொருள் இருக்கும். பிரிட்டிஷ் குறிப்பில் கார்ன் ஃப்ளோர் என்றால் குழம்பைக் கெட்டியாக்கும் வெள்ளை மாவு. அமெரிக்கர்கள் அதைக் கார்ன் ஸ்டார்ச் என்பார்கள், அவர்களுக்குக் கார்ன் ஃப்ளோர் என்பது அரைத்த சோள மாவு. சீனச் சமையலில் லைட் சோயா சாஸ் நிறத்தில்தான் லேசு, உப்பு டார்க்கைவிடக் கூடுதல். சந்தேகம் வந்தால் பாக்கெட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால், அது அந்தச் சமையலில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். மீன் சாஸ் உப்பும் ஆழமான சுவையும் தரத்தான் என்றால், வேறு மணத்தோடு சோயா சாஸ் ஓரளவு ஈடு கட்டும். மெக்சிகோவின் சோள ரொட்டியான தோர்த்தியாவுக்கு அப்படி வழி இல்லை. அந்த மாவுக்கான சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைப்பதால்தான் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சாதாரண சோள மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உதிர்ந்துபோகும். மாற்ற முடியாத பொருள் எது என்று குறிப்பின் தலையிலேயே எழுதி வையுங்கள்.

படி 6: சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள்

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதுவதில்லை. ஆபத்து இருப்பதும் அங்கேதான். சிவப்பு ராஜ்மா பயறில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேண்டும். 10 நிமிடமாவது கொதிக்கட்டும், 30 என்றால் இன்னும் பாதுகாப்பு. மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போட்டால் அந்தச் சூடு போதாது. ஜமைக்காவின் அக்கி பழமும் இப்படித்தான். மரத்திலேயே தானாகப் பிளந்தபின்தான் பறிப்பார்கள், பிளக்காத காய் விஷம். பழக்கமில்லாத பொருள் என்றால் "இதை எப்படிச் செய்தால் கெடுதல்?" என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

படி 7: அன்றைக்கே எழுதிவிடுங்கள்

இரண்டு நாள் தள்ளினால் பாதி மறந்துவிடும். என் நோட்டில் இப்போது இருப்பது இது:

ஷக்ஷூகா, 2 பேருக்கு. அடி கனத்த அகலமான சட்டி, மூடியுடன். ஆலிவ் எண்ணெய் 30 மில்லி, வெங்காயம் 150 கிராம், சிவப்புக் குடைமிளகாய் 150 கிராம், பூண்டு 3 பல், சீரகத் தூள் 1 டீஸ்பூன், பாப்ரிக்கா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்) 1 டீஸ்பூன், பழுத்த தக்காளி 400 கிராம், உப்பு 5 கிராம், முட்டை 4.

எண்ணெயில் வெங்காயத்தையும் குடைமிளகாயையும் மிதமான தீயில் கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் வரை வதக்கு, சுமார் 10 நிமிடம். பூண்டும் தூள்களும் போட்டு மணம் வரும் வரை, 1 நிமிடம். கருகினால் கசக்கும். தக்காளி, உப்பு சேர்த்துக் கோடு நிற்கும் வரை வற்ற விடு, 10 முதல் 15 நிமிடம். கரண்டியால் நாலு குழி செய்து, குழிக்கு ஒரு முட்டை. மூடி, சிறு தீயில் 5 முதல் 7 நிமிடம். வெள்ளைக்கரு முழுக்க வெளுத்து, சட்டியை ஆட்டினால் மஞ்சள் கரு மட்டும் அசைய வேண்டும். அப்போதே இறக்கிவிடு, சட்டிச் சூட்டில் இன்னும் வேகும்.

கீழே யாரிடம் கற்றது, எந்த நாளில் என்றும் எழுதியிருக்கிறேன். அதைத் தவறாமல் எழுதுங்கள். குறிப்பு கைமாறும்போது சொல்லித் தந்தவரின் பெயரும் கூடவே போவதுதான் நியாயம்.

உங்கள் வீட்டுக் குறிப்பை நீங்கள் கொடுக்கும்போதும் இதே வழிதான். உங்கள் ஜாடிகளையே எடை போடுங்கள், பதத்தை எழுதுங்கள். பிறகு அந்தப் பதார்த்தத்தைச் சாப்பிட்டே இராத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் எழுத மறந்த வரி.

படி 8: செய்து பார்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்

முதல் தடவை எதையும் மாற்றாமல் அப்படியே செய்யுங்கள். "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லாமல், சட்டியின் படத்தோடு எங்கே தடுமாறினீர்கள் என்றும் எழுதி அனுப்புங்கள். என் இரண்டாவது ஷக்ஷூகாவில் குழம்பு சரியாக வந்தது, மேலே மட்டும் தண்ணீர் தேங்கியது. படத்தைப் பார்த்ததும் தோழி கேட்டார்: "மூடியில் கோத்த ஆவியைத் துடைத்தாயா?" அவர் நடுவில் ஒரு முறை மூடியைத் திறந்து துணியால் துடைத்ததை நான் பார்த்திருந்தேன். கை துடைக்கிறார் என்று நினைத்து எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது அந்த வரி நோட்டின் ஓரத்தில், பச்சை மையில் இருக்கிறது.