பொட்டு வைக்கும் பொருள் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள்: வேலைக்குப் போகிற வீட்டின் ரிப்பேர் முறை

வேலைக்குப் போகிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் ரிப்பேர் நாள். அன்றைக்குத்தான் பிளம்பர் ஊருக்குப் போயிருப்பார், ஹார்டுவேர் கடையும் பாதி நாள் மூடியிருக்கும். கொளத்தூரில் எங்கள் வீட்டு நிலவரம் இது: எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு வேலை. வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. பகலில் வீட்டில் இருப்பது அத்தை மட்டும். இப்படிப்பட்ட வீட்டில் வாரா வாரம் இதைத் துடை, அதைப் பார் என்று அட்டவணை போட்டால் இரண்டாவது வாரமே அது சுவரில் தொங்கும் காகிதமாகிவிடும்.

அதனால் தனி அட்டவணையே வேண்டாம் என்கிறேன். எப்படியும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிற சமயங்கள் வருஷத்தில் மூன்று இருக்கின்றன: போகி, மே மாத லீவு, ஆயுத பூஜை. சென்னையின் வெயிலுக்கும் மழைக்கும் இந்த மூன்றும் அளந்து வைத்ததுபோலப் பொருந்துகின்றன. ரிப்பேரை இவற்றோடு கட்டிவிட்டால் போதும். நடுவில் வருகிற சில்லறைப் பழுதுகளைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, ஃபிரிட்ஜ் மேல் கிளிப்பில் மாட்டி வைக்கிறோம். ‘பாத்ரூம் குழாய் சொட்டுது’, ‘ஹால் ஃபேன் மெதுவா ஓடுது’ என்று யார் பார்த்தாலும் எழுதலாம். நாலைந்து சேர்ந்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுவோம். ஒரு குழாய்க்கு வந்தாலும் நாலு குழாய்க்கு வந்தாலும் வந்து போகிற கூலி ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் ஒழுகினாலோ ஷாக் அடித்தாலோ மட்டும் தாள் சேரும்வரை காத்திருக்கக் கூடாது.

முதலில் ஆயுத பூஜை. எங்கள் வீட்டு விதி எளிது: சந்தனம், குங்குமம் வைக்கிற பொருள் எதுவாக இருந்தாலும் வைப்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார், இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு, ஸ்கூட்டர் எல்லாம் வந்துவிடும். எலக்ட்ரீஷியன் தேவைப்பட்டால் நவராத்திரி தொடங்கும்போதே சொல்லி வையுங்கள். பூஜை அன்றைக்கு அவருடைய ஸ்க்ரூடிரைவரே பூஜையில் இருக்கும்.

மிக்ஸி ஓடவில்லையா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், பல மாடல்களில் சிவப்பு. சட்னிக்குக் கெட்டியாகப் போட்டுச் சுற்றும்போது மோட்டார் சூடாகிவிட்டால் அது தானே வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தும். சூடு ஆறிய பின் அதை உள்ளே அழுத்தினால் ஓடும். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. அது மலிவான சாமான். உள்ளே அதிகமாகத் தீப்பொறி தெரிந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘மோட்டாரே மாத்தணும்’ என்ற பேச்சை அதற்கு அப்புறம் கேட்டால் போதும்.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பத்தில் எட்டு வீட்டில் உடனே புது ஃபேன் பேச்சு எழும். பெரும்பாலும் போயிருப்பது கண்டென்சர்தான். சாதாரண சீலிங் ஃபேனுக்கு 2.5 எம்.எஃப்.டி. என்று கேட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் தெரியும், ஆனாலும் பழையதில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குவது நல்லது. மாற்றத் தெரியாவிட்டால் ஆளை வைத்தே மாற்றுங்கள், சாமானை மட்டும் நீங்களே வாங்கி வையுங்கள். தெரிந்தவரானாலும் சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது, மெயினையே இறக்க வேண்டும். நிஜமாகவே ஃபேன் மாற்றும் கட்டம் வந்தால் பி.எல்.டி.சி. ஃபேனாக வாங்கலாம். பழைய ஃபேன் 70, 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் பக்கம்தான் இழுக்கும். சென்னையில் ஃபேன் ஓடாத மாதம் எது?

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. அதற்காக உடனே ரப்பரை மாற்ற வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அந்த மடிப்புகளைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பல சமயம் சாம்பார் பிசுக்குத்தான் காரணமாக இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், மிதவையில் உள்ள கோடு வரைக்கும். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம்தானே என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் உப்பு உண்டு, பேட்டரியின் ஆயுள் குறையும்.

கேஸ் டியூபில் தேதி அச்சடித்திருக்கும். சுரக்ஷா டியூபுக்கு ஐந்து வருஷம்தான் கணக்கு, பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ரெகுலேட்டரிலும் டியூப் முனைகளிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு இருந்தால் குமிழி விடும். அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னர் ஓட்டைகளை ஊக்கால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் நீலம் வராவிட்டால் ஆளைக் கூப்பிடலாம்.

வாஷிங் மெஷினுக்கும் குழாய்களுக்கும் எதிரி ஒன்றுதான்: போர் தண்ணீரின் உப்பு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கொடுப்பார்கள். சுடுதண்ணீர் வசதியுள்ள மெஷினாக இருந்தால், துணி போடாமல் அதை நாலைந்து ஸ்பூன் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். ஷவர் தலையைக் கழற்றக்கூட வேண்டாம். எலுமிச்சை உப்புக் கரைசலை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் அதில் முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டு, ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளைக் கட்டி உதிர்ந்து வரும். வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் நூலாக வந்தால், நுனியில் இருக்கும் சின்ன வலையைத் திருகிக் கழற்றி அதே கரைசலில் போடுங்கள். இதற்கெல்லாம் பிளம்பர் எதற்கு? ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: எலுமிச்சை உப்பையோ பாத்ரூம் ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அடைத்த பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ஆயுத பூஜையோடு மொட்டை மாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஆரம்பிக்கும், சென்னையின் ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும் பழைய பந்தும் கிடந்தால் மாடியே தொட்டியாகிவிடும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டிகள் பல வீடுகளில் அப்படியே மண் மூடிக் கிடக்கின்றன. மேல் ஜல்லியை அள்ளி, கழுவி, திரும்பக் கொட்டினாலே பாதித் தொட்டிகள் உயிர் பெற்றுவிடும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவர்களுக்கு சம்ப் மூடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தெருத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் அதை முழுசாக இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாமல் மோட்டாரைப் போடாதீர்கள். அப்படியே போட்டால் மேல் டேங்கும் கெட்டுவிடும்.

மே மாதம் மாடிக்கும் சுவருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூரை சொட்டும்போது கொத்தனாரைத் தேடினால் கூலியும் கூடுதல், வேலையும் நிற்காது. ஈரத்தின் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. பூச்சுக்குப் பணம் கட்டும் முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காசை மிச்சப்படுத்தும் இடம் இதுதான். சித்திரை வெயிலிலும் சுவர் ஓதம் காத்திருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை. பக்கத்துப் பாத்ரூம் குழாயோ, டைல்ஸ் இடுக்கோ, டேங்கிலிருந்து இறங்கும் பைப்போ கசிகிறது. மழையில் மட்டும் வந்து வெயிலில் காய்ந்தால்தான் மாடி. சந்தேகமாக இருந்தால் மாடியின் வடிகால் வாயைத் துணி சுற்றிய செங்கல்லால் அடைத்து, விரலளவு தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் மாடி முழுக்கப் பூச்சு அடித்த பிறகும் ஓதம் போகவில்லை. கடைசியில் பார்த்தால் கெய்சருக்குப் போகும் பைப்பில் ஓர் எல்போ, அதாவது வளைவு இணைப்பு, கசிந்திருக்கிறது.

போகியில் சாமான் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்தது, காயலான் கடைக்காரர் தெருமுனையிலேயே நிற்பார். நான் கூடுதலாகச் செய்வது பில்களைப் பார்ப்பது. கடையில் தரும் வழவழப்பான பில் காகிதத்தில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும், வாரண்டி கேட்கும் நாளில் வெள்ளைத்தாள்தான் கையில் இருக்கும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, நானும் வீட்டுக்காரரும் மட்டும் இருக்கிற ‘வீடு’ என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். தேட ஒரு நிமிஷம்கூட ஆகாது.

போகி முடிந்த கையோடு, மாசி பிறப்பதற்குள் ஏ.சி. சர்வீஸ். ஏப்ரலில் கூப்பிட்டால் தேதியே கிடைக்காது. ஃபில்டரை வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாமே குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டலாம், பத்து நிமிஷ வேலை. வருகிறவர் ‘கேஸ் கம்மியா இருக்கு மேடம், ஃபுல்லா ஃபில் பண்ணணும்’ என்று சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘லீக் எங்கே இருக்கு?’ ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடைக்கு அதே செலவு திரும்பி வரும். கசிவே இல்லையென்றால் நிரப்பவே வேண்டாம்.

ஆர்.ஓ. மெஷினுக்கும் இதே கதைதான். உப்பை வடிகட்டும் மெம்பரேனை வருஷா வருஷம் மாற்றச் சொல்வார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சு உங்களிடம் நடக்காது. புது மெம்பரேன் போட்ட அன்று வரும் எண்ணை மெஷின் பக்கவாட்டில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, அந்த எண் நன்றாக ஏறியிருந்தால் மட்டும் மாற்றலாம். உங்கள் வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வந்தால் அதையும் அளந்து பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரின் உப்பை எடுக்க ஆர்.ஓ. தேவையில்லை, காய்ச்சிக் குடித்தால் போதும். இந்த விஷயத்தில் வருஷாந்தர ஒப்பந்தம் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. கழித்து விடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், போர் தண்ணீரில் வந்ததென்றால் செடிக்கு ஊற்றாதீர்கள்.

கரண்ட் பில்லில் ஒரு கோடு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 2025 விலைப்படி சொல்கிறேன்: நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும். 499இல் நிற்பதற்கும் 501இல் நிற்பதற்கும் 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் மீட்டர் பெட்டிக்குள் பென்சிலால் எழுதி வையுங்கள். இரண்டாவது மாதம் பாதியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். 500ஐ நெருங்கினால் இஸ்திரியைத் தெருமுனை வண்டிக்குக் கொடுத்துவிடலாம், கெய்சரை ஒருவர் பின் ஒருவராக ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளலாம்.

டேங்க் நிரப்பிய சில மணி நேரத்தில் காலியாகிறது, குழாய் எதுவும் சொட்டவில்லை என்றால் ஃபிளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலைந்து சொட்டு டேங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது. சத்தமில்லாமல் ராப்பகலாக ஒழுகிக்கொண்டிருக்கும், மோட்டாரும் அதற்காகவே ஓடும்.

ஆள் வந்தால் கூலி தனி, சாமான் தனி என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை கடையில் அதையே காட்டிப் பொருத்தமானதை வாங்கலாம். மாடி டேங்கின் கேட் வால்வுகளை மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறி இறுகிவிடும், பைப் உடைந்த நேரத்தில் திரும்பாது. எது எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அத்தைக்குச் சின்ன எழுத்து தெரியாது என்பதால் எங்கள் வீட்டில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம்: சிவப்பு சமையலறை, பச்சை பாத்ரூம், மஞ்சள் வாஷிங் மெஷின்.