நடந்த கணக்கில் போண்டா கழியாது

காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் வாக்கிங். முடித்த கையோடு டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, இரண்டு போண்டா. கிருஷ்ணகிரியில் நான் அன்றாடம் பார்ப்பது இது. "அதான் நடந்தாச்சே" என்பார்கள். நினைவாற்றல் விஷயத்தில் இந்த எண்ணம்தான் முதல் தவறு.

நடை நினைவாற்றலைக் காக்கிறது என்பது உண்மைதான். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. புதிதாகக் கேட்டதும் பார்த்ததும் மனதில் பதிய அதுதான் முக்கியம். அங்குள்ள நரம்பு செல்களுக்கு உரம்போல உதவும் புரதம் பி.டி.என்.எஃப். கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவை இரண்டு மாதம் தின்ற எலிகளுக்கு இந்தப் புரதம் குறைந்தது, கற்கும் திறனும் மங்கியது. அதே உணவைத் தின்றுகொண்டே ஓடுசக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. 2004-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் கண்டது இது.

சரி, அப்படியானால் போண்டா சாப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் 2025-ல் அயர்லாந்திலிருந்து வந்த இன்னொரு எலி ஆய்வைப் பாருங்கள். ஓடும்போது ஹிப்போகேம்பஸில் புது நரம்பு செல்கள் கூடுவது வழக்கம். நொறுக்குத்தீனி தின்ற எலிகளிடம் அந்தப் பலன் மழுங்கிப்போனது. உடற்பயிற்சி ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, உணவு மறுபக்கம் இழுக்கிறது.

பத்து நாள் நடந்துவிட்டு விட்டுவிடுவது அடுத்த தவறு. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 55 வயதைக் கடந்த 120 பேரில் ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஓர் ஆண்டு நடந்தார்கள். அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. ஓர் ஆண்டு விடாமல் நடந்ததற்குக் கிடைத்த பலன் அது.

"எங்க அப்பா எண்பது வயசிலும் எல்லாம் ஞாபகம் வைத்திருந்தார், நமக்கென்ன" என்று தர்மபுரிப் பக்கம் சொல்வார்கள். அவர் கொல்லையில் பொழுதெல்லாம் குனிந்து நிமிர்ந்தார், கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் தின்றார். நாம் ஓசூரில் ஷிப்ட் முடித்து வரும் வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது பிள்ளைகள் விஷயம். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் நடக்கிறது. சாயங்காலம் டியூஷனுக்குப் போகும் வழியில் பேக்கரியில் பப்ஸும் குளிர்பானமும் வாங்கிக் கொடுக்கிறோம். எதற்காக? நன்றாகப் படிக்கட்டும் என்றுதான்! 2020-ல் ஆஸ்திரேலியாவில் இருபது வயதையொட்டிய, ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு வாரம் துரித உணவும் இனிப்பு வாஃபிளும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் நினைவுச் சோதனையில் பின்தங்கினார்கள். வளரும் மூளைக்கு இந்தப் பாதிப்பு அதிகம் என்று எலி ஆய்வுகளும் காட்டுகின்றன. பிள்ளை ஒரு மணி நேரம் பந்து விளையாடினால் படிப்பு கெடாது. பப்ஸுக்குப் பதில் வேர்க்கடலை, சுண்டல், மாம்பழக் காலத்தில் ஒரு மாம்பழம் கொடுக்கலாம்.

கேழ்வரகு நல்லது என்று மால்ட்டில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவதும் தவறுதான்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயக்கம் வரும். அப்புறம், மறதி கூடிக்கொண்டே போனால் நடையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றாலும் மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது.