குழியை மறந்துவிட்டு ஆடுங்கள்: பூல் மேசையில் கேரம் பில்லியர்ட்ஸ்

நாகர்கோவிலில் நான் பூல் (குச்சியால் அடித்துப் பந்தை மேசைக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆடப் போகும் இடத்தில் கேரம் பில்லியர்ட்ஸ் என்று சொன்னதும், "கேரம் போர்டா மக்கா?" என்றுதான் கேட்டார்கள். அது வேறு. இதில் குழியே இல்லாத மேசை, மூன்றே பந்து. வெள்ளை உங்களுக்கு, மஞ்சள் எதிராளிக்கு, சிவப்பு பொது. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் ஒரு புள்ளி, அடுத்த அடியும் உங்களுக்கே.

முறையான மேசை கிட்டத்தட்ட 10 அடிக்கு 5 அடி. பந்தும் 61.5 மி.மீ., பூல் பந்தோ 57 மி.மீ. சொச்சம்தான். நம் பக்கம் அந்த மேசை என் கண்ணில் பட்டதில்லை, அதனால் இருக்கிற பூல் மேசையிலேயே தொடங்குவோம். கியூ பந்தோடு (நீங்கள் குச்சியால் அடிக்கும் பந்து) வேறு இரண்டு பந்துகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பந்து குழியில் விழுந்தாலும் அந்த அடி செல்லாது (இது நானாக வைத்துக்கொண்ட விதி).

முதலில் அரைப்பந்து அடி. குச்சியை நேராக நீட்டினால் அது மோத வேண்டிய பந்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் குறி. கியூ பந்தின் நடுவுக்குச் சற்று மேலே, மெதுவாக அடியுங்கள், அது சறுக்காமல் உருண்டு போய் மோதட்டும். அப்படி மோதினால் உங்கள் பந்து வந்த வழியிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும். குறி கொஞ்சம் தப்பினாலும் இந்தக் கோணம் பெரிதாக மாறாது, புதிதாக ஆடுகிறவர்களைக் காப்பாற்றுவதே இதுதான். ஓங்கி அடித்தால் மட்டும் பந்து சறுக்கிக்கொண்டே மோதி, கோணம் அகன்று எங்கேயோ போய்விடும். முதல் வாரம் முழுக்க நான் செய்த தப்பு அது. மூன்றாவது பந்து இல்லாமலே 20 தடவை அடித்து, கியூ பந்து எங்கே போகிறது என்று பாருங்கள், அப்புறம் அந்த வழியில் மூன்றாவதை வையுங்கள்.

பூல் ஆடிய கண், கியூ பந்தை விட்டுவிட்டு, அது மோதிய பந்தின் பின்னாலேயே ஓடும். அதை அடக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அரைப்பந்து அடி கைவந்ததும் குஷனுக்கு, அதாவது மேசையின் ரப்பர் ஓரத்துக்கு, போகலாம். மூன்று குஷன் என்ற கேரம் வகையில், உங்கள் பந்து மற்ற இரண்டில் இரண்டாவதைத் தொடும் முன் குறைந்தது மூன்று தடவை குஷனில் பட்டிருக்க வேண்டும், ஒரே குஷனில் இரண்டு தடவை பட்டாலும் கணக்கு உண்டு. மேசை விளிம்பில் இருக்கும் குறிகளை எண்ணிக் கூட்டிக் கழிக்கும் முறையெல்லாம் இப்போது வேண்டாம். ஒரு குஷனில் பட்டு வந்து தொடும் அடி பத்துக்கு நாலு சரியாக அமைந்தால், சரி, இரண்டாவது குஷனைச் சேருங்கள்.