ஓங்கல் சரிந்தால் பழி முழுக்க அலைக்கா?

கடற்கரை தேய்கிறது, ஓங்கல் (கடலோரத்துச் செங்குத்துப் பாறை) சரிகிறது என்றாலே நம் கண் அலைமீதுதான் போகிறது. பரிட்சை விடைத்தாளிலும் அப்படித்தான்: ‘அலை மோதியது, ஓங்கல் இடிந்தது’ என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரிய தவறே இதுதான்.

கேரளத்தின் வர்க்கலாவை எடுத்துக்கொள்வோம். கடலையொட்டி நிற்கும் அந்தச் சிவந்த ஓங்கலின் உச்சியில் லேட்டரைட் எனும் செம்புரைக்கல். அதன் கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மழைநீர் செம்புரைக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, மணற்கல்லைக் கடந்து, களிமண்ணில் முட்டி நிற்கும். அப்புறம் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடி, ஓங்கலின் முகத்திலேயே ஊற்றாகக் கசியும். கசிகிற நீர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவரும். களிமண்ணும் ஊறி இளகும். தாங்குவதற்கு ஆளில்லாத உச்சிப் பாறை பாளம் பாளமாக விழும். அலைக்கும் இதில் பங்கு உண்டு. அது அடிவாரத்தைக் குடையும். விழுந்த குவியலையும் அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குவியல் அங்கேயே கிடந்தால் கொஞ்ச காலமாவது ஓங்கலுக்கு முட்டுக்கொடுத்திருக்கும்.

சிதைவு, சரிவு, அரிப்பு மூன்றையும் ஒன்றாகக் குழப்புவது அடுத்த தவறு. உப்பும் ஈரமும் வெயிலும் பாறையை இருந்த இடத்திலேயே நொறுக்குவது சிதைவு. நொறுங்கியது தன் எடையாலேயே கீழே இறங்கினால் சரிவு. அலையோ காற்றோ அதை வேறிடத்துக்குக் கொண்டுபோனால்தான் அரிப்பு.

அடிவாரத்தில் சுவர் கட்டினால் போதும் என்று நம்புவதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. மேலிருந்து இறங்கும் நீரைச் சுவர் என்ன செய்யும்? 1993 ஜூனில் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் ஹோல்பெக் ஹால் ஹோட்டல் நின்ற கடலோரச் சரிவு பெயர்ந்தது. பனியாறு விட்டுச்சென்ற களிமண் நிலம் அது. முந்தைய இரண்டு மாதங்களில் சுமார் 140 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. பெயர்ந்த மண் கடற்கரையின் குறுக்கே ஓடி, சரிவின் அடிவாரத்திலிருந்து சுமார் 135 மீட்டர் வெளியே நீண்டது. ஹோட்டலை இடிக்க வேண்டியதாயிற்று. முன்னதாகவே ஆட்களை வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, ஆறு வாரங்களுக்கு முன்பே சரிவின் நடைபாதைத் தாரில் விரிசல் விட்டிருந்தது.

மழை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று ஓங்கலின் நிழலில் துண்டை விரிக்காதீர்கள். உள்ளே இறங்கிய நீர் களிமண்ணை எட்ட நாளாகும். நல்ல வெயிலடிக்கும் பகலிலும் பாறை விழலாம். விளிம்பில் புதிய விரிசல், சாயும் வேலி, ஊற்றில் திடீரென்று கலங்கல் நீர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் உடனே விலகிவிட வேண்டும்.