ஹியூகோ விருதுச் சண்டைகளைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஹியூகோ விருதைச் சுற்றி எழுந்த சண்டைகளைப் பற்றி எழுதுவோர் பலரும் இடதுசாரி, வலதுசாரி என்ற பிளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பிளவு உண்மைதான். ஆனால் வாக்குகள் எண்ணப்பட்ட முறையை அறியாமல் 2015இல் இரண்டு குழுக்கள் பல பிரிவுகளின் இறுதிப் பட்டியலைக் கைப்பற்றியதைப் புரிந்துகொள்ளவே முடியாது.

பரிந்துரைச் சுற்றையும் இறுதி வாக்கெடுப்பையும் ஒன்றாகக் கருதுவதுதான் பெரிய தவறு. அன்றைய விதிப்படி ஒருவர் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து படைப்புகள் வரை பரிந்துரைக்கலாம். இறுதிப் பட்டியலில் இருந்த இடங்களும் ஐந்துதான். தாமே படித்துத் தேர்பவர்களின் வாக்குகள் ஏராளமான படைப்புகளுக்கிடையே சிதறிவிடும் என்பதால், ஒரே பட்டியலை அப்படியே நிரப்பி அனுப்பும் சிறு கூட்டம் ஐந்து இடங்களையும் பிடித்துவிட முடியும். விருது இடதுசாரிப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று குறைசொன்ன 'சேட் பப்பீஸ்', 'ரேபிட் பப்பீஸ்' என்ற வலதுசாரிக் குழுக்கள் பல பிரிவுகளில் அதைத்தான் செய்தன. தரவரிசைப்படி எண்ணப்படும் இறுதிச் சுற்றில் அந்த உத்தி பலிக்கவில்லை. 5,950 பேர் வாக்களித்த அச்சுற்றில் ஐந்து பிரிவுகளில், யாருக்கும் விருது வேண்டாம் என்று வாக்களிக்க உதவும் 'விருதில்லை' என்ற தெரிவே வென்றது.

இதைக் கள்ள ஓட்டு என்று எழுதுவதும் பிழை. 40 டாலர் செலுத்தி ஆதரவு உறுப்பினரான எவருக்கும் வாக்குரிமை இருந்தது. குறை விதியிலேயே இருந்ததால் விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. 2015இல் ஸ்போக்கேனில் கூடிய மாநாட்டில் நிறைவேறிய திருத்தம், 2016இல் கான்சஸ் சிட்டி மாநாட்டில் உறுதிசெய்யப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒரு பிரிவில் ஒருவருடைய பரிந்துரைச் சீட்டுக்கு ஒரே புள்ளி. அது அவர் குறித்த படைப்புகளுக்கிடையே பங்கிடப்படும், எண்ணும்போது ஆதரவு குறைந்த ஒன்று நீக்கப்பட்டால் மிஞ்சியவற்றின் பங்கு கூடும். அணிதிரண்டு வருவோருக்கு ஓரிரு இடங்கள் கிடைக்கலாம், பட்டியல் முழுவதும் கிடைப்பது கடினம். யாரையும் பெயர் சொல்லித் தடுக்காத இந்தத் தீர்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குழுக்களின் பட்டியலில் பெயர் வந்த எழுத்தாளர்களை எல்லாம் அந்த முகாமில் சேர்ப்பது அநியாயம். அவ்வழியாக வந்த இடம் வேண்டாமென்று மார்க்கோ குளூஸ் தம் நாவலை விலக்கிக்கொண்டார். அதனால் காலியான இடத்துக்கு வந்த லியு சிசினின் நாவல்தான் அந்த ஆண்டு விருதை வென்றது.

2023இல் சீனாவின் செங்டுவில் கூடிய மாநாட்டில் நடந்ததையும் இதன் தொடர்ச்சியாகச் சொல்கிறார்கள். அங்கே பிழை வாக்காளர்களுடையது அன்று. போதிய பரிந்துரைகளைப் பெற்ற ஆர். எஃப். குவாங்கின் நாவலை நிர்வாகிகளே காரணம் சொல்லாமல் தகுதியற்றது என்று ஒதுக்கினார்கள். 2024 ஜனவரியில் புள்ளிவிவரங்கள் வெளியானபோதுதான் அது வாசகர்களுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு கிளாஸ்கோவில், ஒரு போட்டியாளருக்குச் சாதகமாகப் பதிவானவற்றில் 377 வாக்குகள் செல்லாதவை என நீக்கப்பட்டபோது, நிர்வாகிகள் எண்ணிக்கையையும் காரணத்தையும் முடிவுகளுக்கு முன்பே பொதுவில் அறிவித்தார்கள். அந்தப் போட்டியாளருக்கு இது தெரிந்திருந்ததற்குச் சான்று இல்லை என்பதால் அவருடைய பெயரை மட்டும் வெளியிடவில்லை.