முன்-பின் ஆய்வுகளில் டி-டெஸ்ட் எங்கே தவறுகிறது

பதற்றத்தைக் குறைக்க ஒரு பயிற்சி. 20 பேருக்குப் பயிற்சி உண்டு, வேறு 20 பேருக்கு இல்லை. இரு குழுவுக்கும் முன்னும் பின்னும் ஒரே வினாப்பட்டியல். உளவியல் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் அமைப்புதான். சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டில் எந்த வகையைத் தேர்வது என்பதில் பலர் சறுக்குவதும் இங்கேதான்.

பயிற்சிக் குழுவின் மதிப்பெண் சராசரியாக 4.0 குறைகிறது, திட்டப் பிழை (அந்தச் சராசரியின் மதிப்பீட்டில் உள்ள தடுமாற்றம்) 1.7, பி மதிப்பு 0.03 (0.05-க்குக் கீழே இருந்தால் சிக்னிஃபிகன்ட் என்பது வழக்கம்). மற்ற குழுவில் 2.8 குறைகிறது, திட்டப் பிழை அதே 1.7, பி மதிப்பு 0.12. "அங்கே சிக்னிஃபிகன்ட், இங்கே இல்லை, ஆகவே பயிற்சி பலித்தது" என்று எழுதிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. இரு குழுவையும் நேருக்கு நேர் எந்தச் சோதனையும் ஒப்பிடவே இல்லை. ஒப்பிட்டால் வித்தியாசம் 1.2, அதன் திட்டப் பிழை 2.4, டி (வித்தியாசத்தைத் திட்டப் பிழையால் வகுத்தது) 0.5, பி சுமார் 0.62. 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு) −3.7 முதல் 6.1 வரை நீள்கிறது. பயிற்சி நன்றாக உதவியிருக்கலாம், கெடுத்தும் இருக்கலாம்; இந்தத் தரவு எதையும் தீர்க்கவில்லை.

ஒவ்வொருவரின் மாற்றத்தையும் கணக்கிட்டு, இரு குழுவின் மாற்றங்களைச் சாரா மாதிரி டி-டெஸ்டில் (வேறு வேறு ஆட்கள் உள்ள இரு குழுக்களுக்கானது) ஒப்பிடுங்கள். கலப்பு அனோவாவில் (குழு, காலம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை) குழு × காலம் இடைவினையும், அதாவது மாற்றம் குழுவுக்குக் குழு வேறுபடுகிறதா என்பதும், இதே பி மதிப்பைத்தான் தரும். குலுக்கல் முறையில் குழு பிரித்திருந்தால், முன் மதிப்பெண்ணை இணைமாறியாக வைத்து, அதன் வேறுபாட்டைக் கழித்துப் பின் மதிப்பெண்களை ஒப்பிடும் அன்கோவா இன்னும் நல்லது.

ஒரே ஆட்களின் முன்-பின் மதிப்பெண்களை வேறு வேறு ஆட்களுடையதுபோல் சாரா டி-டெஸ்டில் போடுவது அடுத்த தவறு. 25 பேர், இரு முறையும் திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் பரவல்) 10, முன்-பின் மதிப்பெண்களின் ஒட்டுறவு 0.8 என்றால், ஒரே ஆட்களின் இரு அளவீடுகளுக்கான இணை டி-டெஸ்டில் திட்டப் பிழை 1.26, சாரா டெஸ்டில் 2.83. உண்மையான மாற்றம் கண்ணெதிரே மறைந்துபோகும். இணை டெஸ்டுக்கு இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்) பார்க்க வேண்டியது வித்தியாசங்களில், மூல மதிப்பெண்களில் அல்ல.

இரு குழுக்களை ஒப்பிடும்போது, அவற்றின் பரவல் வேறுபடுமோ என்று அதைச் சோதிக்கும் லெவீன் சோதனையில் தொடங்க வேண்டாம்; பரவல் சமம் என்று கருதாத வெல்ச் டி-டெஸ்டை நேரே போடுங்கள். ஆர் மென்பொருளில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் ஓடும். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் அட்டவணையில் இரண்டாவது வரி.

பி 0.03 என்றால் "பயிற்சிக்கு விளைவே இல்லாதிருக்க 3% வாய்ப்பு" என்று பொருள் கிடையாது. விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் வர 3% வாய்ப்பு; அவ்வளவுதான். பி 0.62 "விளைவு இல்லை" என்பதற்குச் சான்றும் ஆகாது. கோஹன் டி (சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது; மேலே சொன்ன டி வேறு) 0.5 அளவு விளைவைக் கண்டுபிடிக்க, குழுவுக்கு 20 பேர் வைத்தால் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். 80% வாய்ப்பு வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் தேவை. இந்தக் கணக்கைத் தரவு திரட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.